ஒற்றை மணி

இங்கே இரவு 11.30 ஆகும்போது ஊரில் மணி 1. கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. இத்தனை வருஷத்தில் அந்த ஒன்றரை மணி நேர வித்தியாசம் உடம்போடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஷார்ஜாவில், 14-ஆம் மாடியில், திறக்க முடியாத கண்ணாடிச் சன்னலுக்கு உள்ளே படுத்துக்கிடந்து ஒரு சத்தத்துக்காகக் காத்திருப்பேன். பத்மநாபபுரம் கொட்டாரத்து மணிமாளிகையில் இப்போது ஓர் அடி விழும். ஒரே ஓர் அடி. பன்னிரண்டும் அடித்து ஓய்ந்து, ஊர் அடங்கி, ஒரு மணி நேரம் கழித்து, சொல்ல மறந்த எதையோ சொல்ல வந்ததுபோல ஒன்று மட்டும் விழும். சிறுவயதில் பாதி உறக்கத்தில் அதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் படுப்பேன். இப்போது அது கேட்பதில்லை. திரும்பித் திரும்பிப் படுக்கிறேன்.

மெத்தையைக் குறை சொல்ல முடியாது. முதுகுவலிக்காக மருத்துவர் சொல்லி வாங்கியது. படுத்தால் உடம்புக்கு ஏற்றபடி அழுந்தும், எழுந்தால் தானே நிமிர்ந்துகொள்ளும். நான் படுத்த தடம்கூட அதில் நிற்காது. பத்து வருஷம் உத்தரவாதம் உண்டு, மெத்தைக்கு. அறையை 23 டிகிரியில் வைத்திருக்க ஒரு பொத்தான், வெளிச்சத்தை அடைக்கக் கனத்த திரை, மழைச்சத்தம் கேட்கக் கைபேசியில் ஒரு செயலி. எல்லாம் இருக்கிறது. உறக்கம்தான் வாசல்வரை வந்துவிட்டுப் போய்விடுகிறது.

அப்படிப்பட்ட இரவுகளில் ஒரு கட்டில் நினைவுக்கு வரும். நான் ஒருநாளும் படுத்திராத கட்டில். உட்கார்ந்ததில்லை. ஒரு விரல்கூடப் பட்டதில்லை. தன்னுடையதாக ஒருபோதும் இல்லாத ஒன்றுக்காக ஒரு மனுசன் ஏங்க முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். நீங்களும் ஊரைவிட்டு வந்தவராக இருந்தால் கேட்கமாட்டீர்கள்.

தக்கலையிலிருந்து குலசேகரம் போகிற வழியில் இரண்டு கிலோமீட்டர் வந்தால் எங்கள் கோட்டை. பின்னால் வேளிமலை. கோட்டைக்குள் இருப்பதைப் புத்தகத்தில் அரண்மனை என்று எழுதியிருப்பார்கள். எங்கள் வாயில் அது கொட்டாரம். 1601 வாக்கில் கட்டத் தொடங்கியது, மார்த்தாண்ட வர்மா காலத்தில் இன்றைய உருவத்துக்கு வந்தது, ஊர் திருவிதாங்கூருக்குத் தலைநகராக இருந்தது என்பதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்தது. அதற்கும் முன்னாலேயே எனக்கு அது பாட்டா வேலை பார்க்கிற இடம். அம்மையின் அப்பா. காவல் வேலை. விடுமுறை நாட்களில் அவருக்கு மத்தியானச் சோறு கொண்டுபோவது என் வேலை. தூக்குவாளியில் சம்பாச் சோறும் புளிக்கறியும், மேல்தட்டில் பயற்றுத் தோரனும் இருக்கும். மதியம் ஒரு மணிக்குப் பார்வையாளர்களை வெளியே விட்டுக் கதவை அடைப்பார்கள். அந்த ஒற்றை மணி அடிக்கும்போது நான் வாசலில் நிற்க வேண்டும். இரண்டு மணிக்கு மறுபடி திறக்கும்வரை கொட்டாரம் எங்களுடையது.

செருப்பை வெளியே விட்டுவிட்டு நுழைந்தால் பூமுகம். தலைக்கு மேலே மரக்கூரையில் 90 பூக்கள், ஒன்றுபோல் இன்னொன்று இல்லாமல் செதுக்கியவை. நான் அண்ணாந்து எண்ணத் தொடங்கி முப்பதைத் தாண்டியதில்லை. கழுத்து வலிக்கும், சோறு ஆறும். கூரையிலிருந்து தொங்குகிற குதிரை விளக்கை எந்தத் திசைக்குத் திருப்பி விடுகிறார்களோ அந்தத் திசையிலேயே நிற்கும். அப்படியொரு சங்கிலி வேலை. பக்கத்தில் வழவழவென்று கல் கட்டில். அதைத் தாண்டி, இருட்டும் குளிருமான இடைகழிகள், செங்குத்தான மரப்படிகள், குனியாமல் நுழைய முடியாத நிலைகள். யாராக இருந்தாலும் தலையைத் தாழ்த்தித்தான் உள்ளே போக வேண்டும். நான் சிறுவன், எனக்குக் குனிய வேண்டியிருக்கவில்லை. பாட்டாவைப் பார்த்துப் பார்த்து நானும் குனிவேன்.

நடுவில் உப்பரிகை மாளிகை. நாலு தட்டு. கீழ்த்தட்டில் கருவூலம். அதற்கு மேலே ராஜா படுக்கிற அறை. அதற்கும் மேலே, விரத நாட்களில் ராஜா தங்குகிற அறைகள். உச்சியில் பத்மநாபசாமிக்கு என்று ஒரு பள்ளியறை. சுவர் நிறைய ஓவியம், அங்கும் ஒரு கட்டில், இரண்டு விளக்கு என்று சொல்வார்கள். அந்தக் கதவு நான் போன நாளிலெல்லாம் பூட்டித்தான் இருந்தது. 1750-இல் நாட்டையே சாமிக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, இனி நான் பத்மநாபதாசன், அவர் வேலைக்காரன் என்று சொன்ன ராஜா மார்த்தாண்ட வர்மா. எசமான் மேல்மாடியில், வேலைக்காரன் கீழ்மாடியில். காசுக்கு மேலே, சாமிக்குக் கீழே, நடுவில் ஒரு மனுசன் உறங்குகிற இடம்.

அந்த அறையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

ராஜாவின் அறை என்றதும் பட்டுத்திரை, பொன்னாசனம், ஆளுயரக் கண்ணாடி என்று கற்பனை செய்துகொண்டு வருகிறவர்கள் வாசலிலேயே ஏமாந்துபோவார்கள். இதுதானா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அறை பெரிதில்லை. மேலே மரம், சன்னலில் மரம். சுவரில் சின்னச் சின்னப் பிறைகள். விளக்கு வைக்க என்று நினைத்திருந்தேன், வாளும் கட்டாரியும் வைக்க என்றார் பாட்டா. கீழே கறுத்த தரை. தேங்காய்ச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளை, ஏதேதோ செடிச்சாறு எல்லாம் சேர்த்து இழைத்தது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். முகம் தெரிகிற கறுப்பு. சன்னல் அழிகளுக்கிடையே வருகிற வெளிச்சம் அதில் விழுந்து, நிற்காமல், நீர்மேல் நடப்பதுபோல மெல்ல நகரும்.

நடுவில் அந்தச் சப்ரமஞ்சக் கட்டில். உடம்பெல்லாம் செதுக்கல் வேலை. 64 வகை மருந்து மரம் சேர்த்துச் செய்தது என்று ஒரு வழிகாட்டி சொல்வார், 67 என்று மறுநாள் இன்னொருவர் திருத்துவார். டச்சு வியாபாரிகள் கொடுத்த காணிக்கை என்பது சொல்வழக்கு. மெத்தை கிடையாது, தலையணை கிடையாது, வெறும் பலகை. குறுக்கே ஒரு கயிறு. கயிற்றுக்கு இந்தப் பக்கம் பாட்டாவும் நானும்.

முதல் தடவை கயிற்றுக்கு அடியில் கையை நீட்டினேன். மணிக்கட்டில் மெதுவாக ஒரு பிடி விழுந்தது.

"தொடப்பிடாது மக்கா. ராஜா உறங்குகாரு."

கட்டிலில் யாரும் இல்லை.

"எங்க பாட்டா?"

"மெள்ளப் பேசு. ராத்திரி பூரா கணக்குப் பாத்துக்கிட்டு இப்பதாம் படுத்தாரு."

அடுத்த வாரம் கேட்டால் எழும்பிக் குளத்துக்குக் குளிக்கப் போயிருப்பார். அதற்கடுத்த வாரம் மந்திரசாலையில் ஆலோசனையில் இருப்பார். உங்களுக்கு ஏன் உறக்கம் வரமாட்டேங்குது என்று ஒருநாள் பாட்டாவிடம் கேட்டேன். மத்தியான வேளையில் மற்றவர்களெல்லாம் துண்டை விரித்துச் சாய்ந்திருக்க அவர் மட்டும் உட்கார்ந்தே இருப்பார். "காவக்காரன் உறங்கினா ராஜா முழிச்சிக்கிடுவாரு, கேட்டியா" என்றார். நம்பினேன். பத்து வயதுவரை அந்த அறையில் சத்தமாகப் பேசியதில்லை.

வளர்ந்து, படித்து, அந்தக் கட்டிலில் உறங்கியதாகச் சொல்லப்படுகிறவரின் கதை தெரிந்தபோது, பாட்டா சொன்னது முழுப்பொய் இல்லை என்று பட்டது. உறக்கம் என்பது எளிதில் கிடைத்த மனுசன் இல்லை மார்த்தாண்ட வர்மா. இளமையில் எதிரிகளான எட்டுவீட்டுப் பிள்ளைமாருக்குப் பயந்து ஊர் ஊராக ஒளிந்து திரிந்தவர். நெய்யாற்றின்கரையில் ஒரு பிலாமரப் பொந்துக்குள் ஒளிந்து உயிர்தப்பினார் என்று சொல்லி, அம்மச்சிப்பிலா என்று பேர்வைத்து அந்த மரத்தை இன்றும் காட்டுகிறார்கள். மரப்பொந்துக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவருக்குக் கடைசியில் 64 மரங்களில் ஒரு கட்டில். ஆனால் கை எட்டுகிற தூரத்தில், சுவர்ப்பிறையில், வாள். மருந்து மரமாகவே இருந்தாலும், அதன்மேல் கிடந்து அவர் எத்தனை ராத்திரி முழுதாக உறங்கியிருப்பார்? மணிமாளிகைச் சத்தத்தை எண்ணிக்கொண்டு கிடக்கிற ஒரு ராஜாவை என்னால் இப்போது எளிதாக நினைத்துப் பார்க்க முடிகிறது. அப்போது முடியவில்லை. அப்போது எனக்கு நன்றாக உறக்கம் வந்தது.

என்னென்ன போயிற்று என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப்பார்க்கிறேன்.

முதலில் அந்தத் தரை. சித்திரை வெயிலில் கோட்டைத் தெருவில் நடந்துவந்து, செருப்பை விட்டுவிட்டு, உள்ளங்காலை அந்தக் கறுப்பின்மேல் வைக்கிற முதல் கணம். குளிர் காலிலிருந்து ஏறித் தலைக்கு வரும். இங்கே குளிர் மேலேயிருந்து, ஒரு பெட்டியிலிருந்து, முகத்தில் வந்து மோதுகிறது. உள்ளங்கால் அதற்கு இன்னும் பழகவில்லை.

பிறகு அந்த வாசம். பழைய மரம், எண்ணெய், வௌவால், சுண்ணாம்பு, மழைக்காலத்தில் இவற்றோடு சேர்ந்துகொள்கிற ஈரம். அந்த வாசம் பாட்டாவின் சட்டையில் வீட்டுக்கு வரும். கொடியில் கிடக்கிற சட்டையில் முகத்தை வைத்தால், ராஜா அறையில் நிற்கிற மாதிரி இருக்கும். அவர் போன பிறகு ஒரு சட்டையை அம்மை துவைக்காமல் வைத்திருந்தாள். ஒரு மழைக்காலம் தாங்கியது.

பிறகு மழை. ஆனி ஆடியில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று என்று எங்களுக்கு இரண்டு மழை. வேளிமலையில் முதலில் ஒரு மூட்டம், பிறகு மரங்களில் ஓர் இரைச்சல், பிறகுதான் ஓட்டில் முதல் துளி. சாய்ந்த கூரைகள் ஒன்றின்மேல் ஒன்றாக இறங்குகிற இடம் அது. ஒரு கூரையின் மழை அடுத்த கூரையில் விழுந்து, அங்கிருந்து அடுத்ததற்கு வழிந்து, முற்றத்துக்கு வருவதற்குள் பல குரலில் பேசிவிடும். ராஜா அறையில் நின்று கேட்டால் அத்தனை குரலும் கேட்கும், ஒரு துளி மேலே படாது. செயலியில் வருகிற மழை ஒரே குரலில் பெய்கிறது. எட்டு மணி நேரம் என்று சொன்னால் எட்டு மணி நேரம் பெய்யும். அதற்கு மலை இல்லை.

பிறகு ‘மக்கா’ என்ற சொல். இங்கே எனக்கு அடையாள அட்டை எண் இருக்கிறது, அலுவலகத்தில் பேருக்கு முன்னால் மிஸ்டர் இருக்கிறது. மக்கா என்று கூப்பிட ஆளில்லை.

ஒருவகையில் அந்தக் கட்டிலும் விட்டுப்போகப்பட்டதுதான். 1795-இல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போனது. ராஜா போனார், கணக்குப் போனது, படை போனது. கட்டில் இங்கேயே நின்றுவிட்டது. ஊட்டுப்புரையில் ஒரு தட்டுக்கு ஆயிரம் பேராக இரண்டாயிரம் பேர் உண்ட இடத்தில் ஊறுகாய் வைத்திருந்த பெரிய சீனப் பரணிகளும் நின்றுவிட்டன. பிறகு 1956 நவம்பர் 1-ஆம் தேதி எங்கள் மண் இன்றைய தமிழ்நாட்டோடு சேர்ந்தது. கொட்டாரம் கேரளத்தின் கையிலேயே இருக்கிறது. சுற்றியிருக்கிற தெரு ஒரு மாநிலம், கதவைத் தாண்டினால் இன்னொரு மாநிலத்தின் பராமரிப்பு. பாட்டா காலையில் தமிழ் பேசிக்கொண்டு உள்ளே போய், பகலெல்லாம் மலையாளம் பேசிவிட்டு, சாயங்காலம் இரண்டும் கலந்து பேசிக்கொண்டு திரும்புவார்.

ஆனால் சரஸ்வதி வருஷத்துக்கு ஒருமுறை போய்விட்டு வருகிறாள். நவராத்திரிக்கு முன்னால் உப்பரிகை மாளிகையில் வைத்து ராஜாவின் உடைவாளைக் கைமாற்றுவார்கள். வாள் முன்னால் போக, தேவாரக்கட்டு சரஸ்வதியும் வேளிமலைக் குமாரசாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுவார்கள். பூசை முடிந்ததும் எல்லோரும் திரும்பி வந்துவிடுவார்கள். சாமிகளுக்குத் திரும்பி வர நாள் குறித்திருக்கிறது. எனக்கும் குறித்திருக்கிறது: இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, முப்பது நாள்.

திரும்பாதவர்களும் உண்டு. 1741-இல் குளச்சலில் தோற்றுப் பிடிபட்ட டச்சுப் படைத் தளபதி டி லனாய், தன்னைத் தோற்கடித்த ராஜாவுக்கே படை பழக்கிக்கொடுத்து, வலிய கப்பித்தான் என்று பேரெடுத்து, இங்கேயே வாழ்ந்து 1777-இல் இறந்தார். பக்கத்து உதயகிரிக் கோட்டைக்குள் கல்லறை. கல்லில் லத்தீனும் இருக்கிறது, தமிழும் இருக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிப்போனபோது தமிழ் எழுத்தை மட்டும் தடவிப்பார்த்துவிட்டு ஓடிவிட்டோம். கடல்தாண்டி வந்த ஒரு மனுசன், வேற்று மொழி சூழ, வேற்று ராஜாவுக்கு உழைத்துக்கொண்டு, முப்பத்தாறு வருஷ ராத்திரிகளில் எந்தச் சத்தத்துக்காகக் காத்துக் கிடந்தாரோ. அப்போது அதையெல்லாம் யோசிக்க வயதில்லை.

பூமுகத்துக் குதிரை விளக்கைப் போலத்தான் எங்கள் ஊர்ப் பிள்ளைகளும். யாரோ ஒருநாள் மேற்கே திருப்பிவிட்டார்கள். திருப்பியபடியே நிற்கிறோம்.

பாட்டா இறந்தபோது எனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. ஏழு மாதம் கழித்துத்தான் போனேன். வீட்டில் எல்லோரும் அழுது முடித்திருந்தார்கள். எனக்காக மறுபடி அழச் சொல்லவும் மனமில்லை. மறுநாள் காலை கொட்டாரத்துக்குப் போனேன். வாழ்க்கையில் முதல்தடவையாகச் சீட்டு வாங்கி உள்ளே போனேன்.

நிலைகளில் இப்போது நிஜமாகவே குனிய வேண்டியிருந்தது. படி அதே படி. தரை அதே குளிர். ராஜா அறை வாசலில் ஒரு கூட்டம். வழிகாட்டி 64 என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் நகர்ந்தார்கள். காவலுக்கு நின்றது ஓர் இளைஞன், சன்னல்பக்கம் திரும்பிக் கைபேசி பார்த்துக்கொண்டிருந்தான். அறையில் வேறு யாரும் இல்லை. கட்டிலும் கயிறும் நானும்.

கை தானாக நீண்டது. கயிற்றுக்கு அடியில் போனது. இரண்டு அங்குலம் இருந்திருக்கும். அந்த மரம் வழவழப்பா சொரசொரப்பா, குளிருமா சுடுமா என்று நாற்பது வருஷமாகத் தெரியாத ஒன்று இரண்டு அங்குலத்தில் இருந்தது.

நான் காத்திருந்தேன்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இளைஞன் திரும்பவில்லை. மணிக்கட்டில் எதுவும் விழவில்லை.

கையை எடுத்துக்கொண்டேன். தொட்டிருக்கலாம். தொட்டிருந்தால் அதோடு அது ஒரு மரக்கட்டில் ஆகியிருக்கும். படி இறங்கும்போது மணிமாளிகையில் ஓர் அடி விழுந்தது. மத்தியானம் 1. கதவை அடைக்கப்போகிறோம், எல்லோரும் வெளியே வாருங்கள் என்று முதலில் மலையாளத்திலும் பிறகு தமிழிலும் யாரோ சொல்லிக்கொண்டு வந்தார்கள். முதல்தடவையாக அந்த நேரத்தில் நான் வெளியே போகிறவர்களோடு போனேன்.

இப்போது மணி 11.30. திரையை நன்றாக இழுத்துவிட்டிருக்கிறேன். ஊரில் அந்த அறை பூட்டிக்கிடக்கும். கறுத்த தரையில் விழ நிலா இருக்கிறதோ என்னவோ. கட்டில் வெறுமையாக இருக்கும். மேல்மாடியில் சாமியும் கீழே பழைய கருவூலமும் அவரவர் இடத்தில். அடி விழுந்திருக்கும்.

மெள்ளப் படுக்கிறேன். சத்தம் கேட்டு யாரும் முழித்துவிடக் கூடாது.